தோடியும் ரிவெர்பும்: கீபோர்டு வாசிக்கும் நண்பனுக்கு

அன்பு நண்பா,

நலம், நலமறிய ஆவல். பணி ஓய்வுக்குப் பிறகு நீ மீண்டும் வாசிக்கத் தொடங்கியிருப்பதையும், புதிய கீபோர்டு வாங்கி அதில் ராகங்களை முயன்று பார்ப்பதையும் அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். எஃபெக்ட் (ஒலிக்கு மெருகூட்டும் வசதி) சேர்த்தால் மற்ற ராகங்களெல்லாம் இனிக்கின்றன, தோடி மட்டும் கலங்கிப் போகிறது, ஏன் என்று கேட்டிருந்தாய். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

காரணம் பெரும்பாலும் ரிவெர்ப்தான். கீபோர்டுக்குள் முதலில் டோன், அதாவது நீ தேர்ந்தெடுத்த கருவியின் ஒலி, பிறக்கிறது; ஸ்வரத்தை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் வீல் வளைப்பது அந்த டோனை மட்டுமே. ரிவெர்ப் அதற்கு அடுத்த கட்டத்தில் இருந்துகொண்டு, தன்னிடம் வந்து சேரும் ஒலியை அடுக்கடுக்கான எதிரொலிகளாக்கி மெல்லத் தேய விடுகிறது. ஆகவே நீ காந்தாரத்திலிருந்து மத்தியமத்தை நோக்கி வீலைத் தள்ளும்போது புதிய ஒலி மேலே ஏறுகிறது. ஆனால் ஒரு கணத்துக்கு முன் ஒலித்த காந்தாரமும் அதற்கு முன் தொட்ட ரிஷபமும் வளையாமல் அப்படியே முழங்கிக்கொண்டிருக்கின்றன. தோடியின் காந்தாரமோ ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைவதால்தான் காந்தாரமாகிறது. பியானோ டோனில் ஒரு மெல்லிசைப் பாட்டுக்கு நிறைவு தரும் 3 விநாடி முழக்கம், இங்கே அந்த அசைவின் எல்லாப் புள்ளிகளையும் ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்து, கமகம் எனப்படும் அந்த அசைவையே மூழ்கடித்துவிடுகிறது.

ஆகவே 'ஹால்' வகையை விட்டுவிட்டு 'ரூம்' வகையை எடுத்துக்கொள், முழக்கத்தின் நீளத்தை 1 விநாடிக்குள் வை, அளவையும் குறை. பிரீ-டிலே என்ற வசதி உன் கீபோர்டில் இருந்தால் அதை 30 மில்லி விநாடி அளவில் வைத்துப் பார். ஸ்வரம் தெளிவாகப் பிறந்த பிறகே முழக்கம் தொடங்கும். வீலின் வீச்சை வழக்கமான 2 அரை ஸ்வரங்களிலேயே (அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளி ஓர் அரை ஸ்வரம்) வைத்திரு. காந்தாரத்திலிருந்து மேலே மத்தியமத்துக்கும் கீழே ரிஷபத்துக்கும் அவ்வளவுதான் தூரம். இடக்கையில் சட்ஜ பஞ்சமம் பிடிப்பாயானால், அதை வேறு சேனலில் (தனி ஒலிப்பாதையில்) வைக்க மறவாதே. ஒரே சேனலில் இருந்தால் கமகத்தோடு சேர்ந்து சுருதியும் அசையும்.

கோரஸ் என்ற இன்னோர் எஃபெக்டைப் பற்றி நீ எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அது ஒலியின் நகல்களைச் சில மில்லி விநாடிகள் தாமதித்து, அந்தத் தாமதத்தையும் ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பதால், ஸ்வரத்தின் நிலை மிக நுண்ணிய அளவில் எந்நேரமும் அலைகிறது. பல வயலின்கள் சேர்ந்திசைக்கும் டோனுக்கு அந்த அலைவு உயிர் தருகிறது. தம்புராவோடு இணைய வேண்டிய வீணை டோனுக்கும் குழல் டோனுக்கும் அது பொருந்தாது. மேலும், பல ஸ்டீரியோ கோரஸ்கள் மண்டபத்து மிக்ஸரில் மோனோவாக, அதாவது இடமும் வலமும் ஒரே ஒலியாக, சேரும்போது, இரு பக்க ஒலிகளும் பகுதியளவு ஒன்றையொன்று அழித்து டோனை மெலிய வைத்துவிடும்.

இந்த எஃபெக்டுகள் எப்போதும் கருவிக்குள்ளேயே இருந்தவை அல்ல. 1957-இல் இ.எம்.டி. என்ற ஜெர்மானிய நிறுவனம் கொண்டுவந்த ரிவெர்ப், ஒலிப்பதிவுக்கூடத்தில் தொங்கவிடப்பட்ட பெரிய எஃகுத் தகடு. 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டில்கூட ரிவெர்ப் கிடையாது. 1987-இல் ரோலண்ட் டி-50, அடுத்த ஆண்டில் கோர்க் எம்1 ஆகியவை வந்த பிறகே, டோனும் எஃபெக்டும் சேர்ந்தே பதிந்து வருவது வழக்கமாயிற்று. பெரிய வசதிதான். ஆனால் கடையில் ஹெட்போன் மாட்டியதும் மனத்தைக் கவர வேண்டும் என்று அந்த டோன்களை எஃபெக்டால் நிறைத்துவிடுவதால், டோனின் சொந்தக் குரலை நாம் கேட்பதே இல்லை. ரிவெர்பையும் கோரஸையும் அறவே நிறுத்திவிட்டுச் சில நாட்கள் வாசித்தால்தான் எந்த டோனுக்கு எவ்வளவு வேண்டும் என்பது புலப்படும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இடத்தையும் நாம் மறந்துவிடக் கூடாது. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. 17 மீட்டர் தள்ளியிருக்கும் வெறும் சுவர், நீ வாசித்ததை 0.1 விநாடியில் உனக்கே திருப்பித் தருகிறது. வழவழப்பான தரையும் திரைச்சீலை இல்லாத சுவர்களும் உள்ள கல்யாண மண்டபம் தானே முழங்கும். அங்கே கீபோர்டின் ரிவெர்பை ஏறக்குறைய நிறுத்திவிடலாம். ஆட்கள் நிறைந்த பின் முழக்கம் குறையும் என்பதால், கச்சேரி தொடங்கிய பிறகு மீண்டும் ஒருமுறை அளவைப் பார்க்க வேண்டும்.

ஆர்கன் டோனில் உள்ள ரோட்டரி எஃபெக்டை மட்டும் தயங்காமல் பயன்படுத்து. சுழலும் லெஸ்லி ஸ்பீக்கரைப் பின்பற்றி அமைந்த அது, பொத்தானை அழுத்தியதும் சட்டென்று வேகம் கொள்ளாது, படிப்படியாகவே ஏறும். ஆகவே பல்லவி உச்சத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே அழுத்த வேண்டும். கையோடு சேர்த்து வாசிக்க வேண்டிய எஃபெக்ட் அது. எத்தனை முறை கேட்டாலும் எனக்குச் சலிப்பதில்லை.

அடுத்த முறை அந்தத் தோடியை ரிவெர்ப் இல்லாமல் ஒருமுறையும், மேலே சொன்ன அளவில் சேர்த்து ஒருமுறையும் பதிந்து அனுப்பு. இரண்டையும் கேட்டுவிட்டு, வீலின் அசைவில் ஏதேனும் மாற்ற வேண்டுமா என்று எழுதுகிறேன். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் அன்பு நண்பன்