செயலாளரின் ஆண்டறிக்கை: வயல்வெளி ஏர் ரைஃபிள் நட்புப் போட்டி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பேரவைக் கூட்டம், புதுப்பித்தல், சந்தா ஆகியவை வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வைக்கிறார். சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதி இந்த ஆண்டு நட்புப் போட்டியை வகுப்பதில் சென்றது. ஆகவே அதையே விரிவாக எழுதுகிறேன்.

ஸ்வீடன், பின்லாந்து போன்ற நாடுகளில் வேட்டைப் பருவத்துக்கு முன் வேட்டைக்காரர்கள் கை பழகுவதற்கென்றே சுடுபோட்டி நடத்துகிறார்கள். மேசையில் ரைஃபிளைச் சாத்தி வைத்துக் காகிதத்தில் வட்டம் தேடும் போட்டி அல்ல அது. நின்றும் முழங்காலிட்டும், குறைந்த நேரத்தில் சுட வேண்டும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. ஆனால் அந்தப் போட்டி கற்றுத்தரும் ஒழுக்கம் சுடும் எவருக்கும் வேண்டியது: முதல் குண்டே கணக்கு, சந்தேகம் வந்தால் விசையைத் தொடாதே. அதை ஏர் ரைஃபிளுக்கு, அதாவது காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கிக்கு, ஏற்றபடி மாற்றியிருக்கிறோம். குழல் துளை 0.177 அங்குலம், ஆற்றல் 20 ஜூலுக்குள் இருக்கும் ரைஃபிளுக்கு மட்டுமே அனுமதி. விலங்கு, பறவை உருவ இலக்கு கிடையாது. தோட்டத்தில் அணிலையோ பறவையையோ குறிவைத்தவர் அன்றே உறுப்பினர் அல்ல.

ஆறு நிலைகள் (சுடும் இடங்கள்); நிலைக்கு இரண்டு இலக்கு; தூரம் 10 முதல் 25 மீட்டர். தூரத்தைச் சொல்ல மாட்டோம், கண்ணால் அளக்க வேண்டும். இரண்டு நிலைகள் நின்று, இரண்டு முழங்காலிட்டு, ஒன்று உட்கார்ந்து, ஒன்று படுத்து. ஒருவருக்கு 3 நிமிடம். நால்வர் கொண்ட குழு ஒரு நிலையை முடிக்க 12 நிமிடம், இடம் மாற 5 நிமிடம். ஆக ஆறு நிலைக்கும், இடையே ஐந்து மாற்றத்துக்கும் சேர்த்து 97 நிமிடம்.

முதல் குண்டில் இலக்கு விழுந்தால் 5 மதிப்பெண். தவறினால் இரண்டாவது குண்டுக்கு 2. சுடும் முன்பே "விடுகிறேன்" என்று சொன்னால் 1. இந்த ஒரு மதிப்பெண் வேண்டாம் என்று செயற்குழுவில் வலுவான வாதம் வந்தது. வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. தன் எல்லையை அறிந்து விடுபவருக்கு, கண்மூடித்தனமாக இரண்டு குண்டு வீணாக்கியவரைவிட ஒரு படி மேலே இடம் இருக்க வேண்டும். பன்னிரண்டில் ஓர் இலக்கின் குறுக்கே இலைக்கொப்பு நிற்கும். அதைச் சுட்டால் 5 குறையும், விட்டால் 5 கிடைக்கும். சிறு குச்சியில் உரசினாலும் பெல்லட் (ஏர் ரைஃபிளின் ஈயக் குண்டு) திசை மாறிவிடும் என்பதுதான் காரணம். கொப்பை நடுவர் குழுவுக்குக் குழு வேறு நிலைக்கு மாற்றுவார். மொத்தம் 60.

இலக்கு 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு, நடுவில் 40 மில்லிமீட்டர் துளை. துளைக்குள் புகும் பெல்லட் பின்னாலுள்ள நாக்கைத் தட்டினால் தகடு பின்னுக்குச் சாயும். நைலான் கயிற்றை இழுத்தால் மீண்டும் நிமிரும். ஒத்திகையில் அதிகம் தொந்தரவு கொடுத்தது இதன் கீல்தான். நம் ஊர் ஈரத்தில் ஒரு வாரத்தில் துரு பிடித்து இறுகியது. சரியாகப் பட்டும் விழவில்லை. முந்தின நாள் எண்ணெய் விட்டு, வந்திருப்பதில் ஆற்றல் குறைந்த ரைஃபிளால் 25 மீட்டரிலிருந்து சுட்டுப் பார்த்தே தகட்டின் சாய்வை முடிவு செய்ய வேண்டும். சாய்வு கூடினால் முகப்பில் பட்டாலே விழுந்துவிடும். கயிறு வேரில் சிக்கினாலும் தகடு பாதியில் நிற்கும். ஒவ்வொரு குழுவுக்குப் பின்னும் முகப்பில் வெள்ளைப் பெயின்ட் அடித்தால் ஈயத் தடம் தெளிவாகத் தெரியும், தகராறு வராது.

ஒத்திகையில் புதியவர்கள் தடுமாறியது 10 மீட்டருக்கும் கிட்டே வைத்த இலக்கில். ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), குழலுக்கு 5 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. விநாடிக்கு 175 மீட்டர் வேகத்தில் போகும் 0.53 கிராம் பெல்லட் 10 மீட்டரில் குறியில் படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தால் 20 மீட்டரில் சுமார் ஒரு சென்டிமீட்டர் மேலே படும். 5 மீட்டரிலோ 2 சென்டிமீட்டர் கீழே இறங்கும். ஆகவே பயிற்சி நாளில் ஒவ்வொருவரும் 10, 15, 20, 25 மீட்டரில் சுட்டு, எங்கே படுகிறது என்று ஒரு அட்டையில் குறித்து ரைஃபிளில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஸ்பிரிங் ரைஃபிளின் குழலை மரத்திலோ கல்லிலோ சாத்தக் கூடாது. பெல்லட் வெளியேறும் முன்பே ரைஃபிள் உதறுவதால் குறி இடம் மாறும். உள்ளங்கையில் தளர்வாகத் தாங்க வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆரல்வாய்மொழிப் பக்கம் இடம் பார்க்கலாம் என்ற யோசனையைத் தென்மேற்குப் பருவக் காற்றே தள்ளிவிட்டது. விநாடிக்கு 5 மீட்டர் பக்கக் காற்றில் பெல்லட் 10 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர்தான் விலகும். 20 மீட்டரிலோ நான்கு. தூரம் இரட்டித்தால் விலகல் நான்கு மடங்கு. குலசேகரம் பக்கம், வன எல்லையை விட்டு விலகிய ரப்பர் விளைதான் (தோட்டம்) பொருந்தும். இலை உதிரும் மாதங்களில் வெளிச்சமும் உண்டு. ஆனால் விடியற்காலையில் ரப்பர் மரத்தைக் கீறும் பால்வெட்டு நடக்கும். பால் எடுக்கவும் ஆள் வருவார்கள். வெட்டு இல்லாத நாளில்தான் போட்டி. ஆறு நிலைகளும் ஒரே செம்மண் மேட்டை நோக்கியே இருக்கும். டயர் அடுக்கித் தடுப்பு கட்ட வேண்டாம். பெல்லட் திரும்பித் தெறிக்கும். ரப்பர் மரத்தில் இலக்கு கட்டவே கூடாது. பட்டை காயம்பட்டால் நஷ்டம் விளைக்காரருக்கு.

நடுவர், பார்வையாளர் உட்பட அனைவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். சுடாத நேரத்தில் புல்வெட்டி இயந்திரத்தின் 2.4 மில்லிமீட்டர் ஆரஞ்சு நைலான் நூல் குழலின் இரு முனையிலும் தெரிய வேண்டும். தெரிந்தால் உள்ளே பெல்லட் இல்லை. விசில் ஊதினால் எல்லா நிலையிலும் நூல் ஏற வேண்டும், அதன்பின்தான் ஒருவர் முன்னே போகலாம். ஈயம் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் யாருக்கும் தேநீர் கிடையாது.

சமநிலை வந்தால் 10 மீட்டரில் நின்று, காகித இலக்கில் ஐந்து குண்டு. அதற்கு மட்டும் தட்டைத் தலை பெல்லட். உருண்டைத் தலை காகிதத்தைக் கிழிப்பதால் ஓட்டையின் விளிம்பு தெரியாது. முதல் பரிசு ஒரு மட்டி வாழைக்குலை, இரண்டாவது மார்த்தாண்டம் தேன்.

காவல் நிலையத்துக்கு எழுத்தில் தகவல், விளை உரிமையாளரின் சம்மதக் கடிதம், முதலுதவிப் பெட்டி ஆகிய மூன்றும் கையில் வந்த பிறகே தேதி அறிவிக்கப்படும். விதிகளைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்