டிக்கியில் கிடக்கும் சிலிண்டர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் கோடைக்கால கார் பராமரிப்புக் கட்டுரையில், ‘காரில் ஒரு தீயணைப்புக் கருவியும் இருக்கட்டும்’ என்று ஒரே வரியோடு நிறுத்திவிட்டீர்கள். எது, எங்கே என்று சொல்லாவிட்டால் பலரும் கைக்குக் கிடைத்ததை வாங்கி டிக்கியில் போட்டுவிடுவார்கள். பின்னால் லாரி இடித்து டிக்கி நசுங்கினால் அது திறக்கவே திறக்காது. இடிக்காவிட்டாலும் நாலு பைக்கு அடியில் இருப்பதைத் தேடி எடுப்பதற்குள் பானெட் பற்றிக்கொள்ளும்.

சரியான இடம் முன்சீட்டுப் பக்கம். பயணி சீட்டின் முன்விளிம்புக்குக் கீழே, இரும்புப் பட்டை போட்ட பிராக்கெட்டில் பூட்ட வேண்டும். பிளாஸ்டிக் கிளிப் திடீர் பிரேக்குக்குத் தாங்காது. கழன்று ஓட்டுநர் பக்கம் உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டால் கருவியே எமன். பிராக்கெட்டுக்காகத் தரையில் துளை போடாதீர்கள். அடியில் பெட்ரோல் குழாயோ பிரேக் குழாயோ ஓடலாம். சீட் தண்டவாளத்தின் போல்ட்டிலேயே பொருத்தும் பிராக்கெட்டுகள் கிடைக்கின்றன. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற வயர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக்குக்குப் போவது, தொடக்கூடாது. தீயணைப்பு சிலிண்டர் வாங்குமுன் சீட்டுக்கு அடியில் உள்ள இடைவெளியை டேப் வைத்து அளந்துகொள்வது நல்லது.

சின்ன காருக்கு 1 கிலோ, ஏழு சீட் வண்டிக்கு 2 கிலோ, ஏ.பி.சி. பவுடர் (ஏ என்றால் திடப்பொருள் தீ, பி திரவத் தீ, சி கேஸ் தீ). சீட் நுரை, கார்பெட், பெட்ரோல், கேஸ் எல்லாம் ஒன்றாக எரியும் இடம் கார். பி.சி. பவுடர் பெட்ரோல் தீயை அடக்கும். சீட்டுக்குள் கனன்றுகொண்டிருப்பதை விட்டுவிடும். ஏ.பி.சி.யில் உள்ள மோனோ அமோனியம் பாஸ்பேட் சூட்டில் உருகி எரியும் பொருளின் மேல் படலமாகப் படிவதால் மறுபடி பற்றாது. கார்பன் டை ஆக்சைடு காருக்கு ஒத்துவராது: திறந்த சாலைக் காற்றில் கலைந்துவிடும், மூடிய காருக்குள் மூச்சை அடைக்கும். ஸ்பிரே டப்பா அளவில் விற்கும் அரைக் கிலோ சிலிண்டரை வாங்குவதைவிட அந்தப் பணத்தைச் சேமித்து வைக்கலாம்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை மட்டும் போதாது. அதோடு அச்சிட்ட சி.எம்./எல். எண்ணை (உரிம எண்) இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அடித்துப் பார்த்தால் உரிமம் உயிரோடு இருக்கிறதா என்பது தெரியும். லேபிளில் உச்ச வெப்பநிலையையும் பாருங்கள். பெரும்பாலும் 55 அல்லது 60 டிகிரி. வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டும் பின்கண்ணாடித் தட்டும் அதைத் தாண்டிவிடும், ஆகவே சிலிண்டரை அங்கே வைப்பது கூடாது.

மாதம் ஒருமுறை, காலை நிழலில் இருக்கும்போது அழுத்தம் காட்டும் கேஜைப் பாருங்கள். முள் பச்சையில் நிற்க வேண்டும். ஆனால் முள் சொல்வது அழுத்தத்தை மட்டும்தான். வண்டியின் அதிர்விலேயே பவுடர் அடியில் இறுகிவிடும், முள் பச்சையில்தான் இருக்கும், அழுத்தினால் வெறும் காற்று வரும். சிலிண்டரைத் தலைகீழாகப் பிடித்து அடியில் உள்ளங்கையால் தட்டினால் பவுடர் சரிவது கைக்குத் தெரியும். சரியவில்லையென்றால் மாற்ற வேண்டிய காலம். சமையலறைத் தராசில் எடை போட்டு லேபிளில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். நாசிலில் பூச்சி கூடு கட்டியிருக்கிறதா, கைப்பிடியில் செருகியிருக்கும் பின்னின் சீல் அறுந்திருக்கிறதா என்பதும் அதே இரண்டு நிமிடத்தில் முடியும். ‘வேலை செய்கிறதா பார்ப்போம்’ என்று ஒரு அழுத்து அழுத்துவதுதான் பெரிய தவறு. வால்வு மூடும் இடத்தில் பவுடர் துகள் சிக்கிக்கொள்ளும், கேஸ் கசிந்து சில நாளில் முள் சிவப்புக்கு இறங்கிவிடும்.

1 கிலோ சிலிண்டர் பீய்ச்சுவது ஏறக்குறைய பத்து விநாடிதான். எனவே வரிசை முக்கியம். ஓரம் கட்டி என்ஜினை அணைத்து, எல்லோரையும் இறக்கி நூறு அடியாவது தள்ளி அனுப்பிவிட்டுத்தான் சிலிண்டர். புகை பானெட்டிலிருந்து வந்தால் காருக்குள் இருக்கும் பானெட் நெம்புகோலை மட்டும் இழுங்கள். பானெட்டைத் தூக்கினால் காற்று புகுந்து முகத்தில் தீ அடிக்கும். கிடைக்கும் அந்த விரல் இடுக்கு வழியாகவே, காற்று முதுகில் படும்படி நின்று, தீயின் அடியை நோக்கி இடவலமாக அடிக்க வேண்டும். சிலிண்டர் தீர்ந்தும் தீ இருந்தால் விலகி 101 அல்லது 112.

சி.என்.ஜி. வண்டியில் தொட்டி பக்கம் தீ என்றால் நெருங்கவே வேண்டாம். அதன் பாதுகாப்பு வால்வு திறந்தால் தீ நீண்ட ஜுவாலையாகப் பாயும். மின்சார காரின் பேட்டரி புகைந்தாலும் அப்படியே. பவுடர் மேலே எரிவதை அணைக்குமே தவிர செல்களைக் குளிர்விக்காது, அது மறுபடி மறுபடி பற்றும்.

தீ அணைந்த பின் அந்தப் பவுடரை அப்படியே விடக்கூடாது. ஈரம் பட்டால் அமிலமாகி அலுமினியத்தையும் வயர் கனெக்டர்களையும் அரிக்கும். உலர்வாகவே வேக்குவம் போட்டு எடுத்து, மெக்கானிக் பார்க்கும்வரை சாவியைத் திருப்பாமல் இருங்கள். பாதி மிச்சமிருந்தாலும் அந்தச் சிலிண்டரை மறுபடி பிராக்கெட்டில் மாட்டாமல் நிரப்பக் கொடுங்கள், அல்லது புதிதாக வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சேலம்.