கார்ல் பாமர் இருக்கும்போதே செய்யுங்கள்

ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் பரிந்துரைக் குழுவினருக்கு,

வணக்கம். எமர்சன், லேக் அண்ட் பாமர் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் உங்கள் அமைப்பில் இடம்பெற, முதல் இசைத்தட்டு வெளிவந்து 25 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும் என்ற உங்கள் விதியை அவர்கள் 1995லேயே நிறைவு செய்துவிட்டார்கள். அதன்பின் ஆண்டுதோறும் உங்கள் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடி ஏமாந்துகொண்டிருக்கிறோம்.

2016 மார்ச்சில் கீத் எமர்சன் மறைந்தார். அதே ஆண்டு டிசம்பரில் கிரெக் லேக்கும் போய்விட்டார். எஞ்சியிருப்பவர் 1950இல் பிறந்த டிரம்ஸ் கலைஞர் கார்ல் பாமர் மட்டுமே. 2022இல் அவர் தொடங்கிய கச்சேரிகளில், 1992இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பதிவான காட்சிகள் ஓடுகின்றன. மறைந்த நண்பர்கள் இருவரும் திரையில் வாசிக்க, பாட, மேடையில் இவர் உடன் வாசிக்கிறார். பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் பழகிய கலைஞர், இன்று மாறவே முடியாத இருவருக்கு ஈடுகொடுத்து, இம்மியும் பிசகாமல் தாளம் போடுகிறார். இன்னும் எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?

தி நைஸ், கிங் கிரிம்சன், அட்டாமிக் ரூஸ்டர் என்று மூன்று குழுக்களிலிருந்து வந்து 1970இல் சேர்ந்தவர்கள் இவர்கள். அலமாரி அளவிலான மோக் சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியை எமர்சன் மேடையேற்றினார். ரஷ்யச் செவ்வியல் இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் பியானோ படைப்பை 1971இல் நியூகாசில் சிட்டி ஹாலில் ராக் ரசிகர்கள் முன் வாசித்துப் பதிவும் செய்தார்கள். ஆடம்பரம் என்று விமர்சகர்கள் சொன்னதுண்டு. 1977இல் முழு ஆர்கெஸ்ட்ரா ஒன்றையும் உடன் அழைத்துக் கச்சேரிப் பயணம் புறப்பட்டு, செலவு தாங்காமல் வழியிலேயே அவர்களை அனுப்பிவைக்க நேர்ந்தது உண்மைதான். இசைக்காகக் கைப்பணத்தை இழந்தவர்களிடம் அதை ஒரு குற்றமாகச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

செவ்வியல் இசையையும் ராக்கையும் கலக்கும் புரோகிரெசிவ் ராக் என்ற இந்த இசைவகையையே நீங்கள் தாமதமாகத்தான் மதிக்கிறீர்கள். இதே வகையைச் சேர்ந்த யெஸ் குழுவுக்கு 2017இல் இடம் தந்தபோது, அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிறிஸ் ஸ்குவையர் அந்த மேடையில் இல்லை, 2015லேயே இறந்துவிட்டார். அந்த வருத்தம் எங்களுக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த பட்டியலில் இந்தக் குழுவின் பெயரைச் சேருங்கள். வாக்கெடுப்பில் வெல்லாது என்று கருதினால், இசைச் சிறப்புக்கான விருதை வாக்கெடுப்பின்றியே வழங்கும் உரிமை உங்களிடம் இருக்கிறது. 2022இல் ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவுக்கு அப்படித்தான் இடம் தந்தீர்கள். எந்த வழியானாலும் சரி, கார்ல் பாமர் தம் கையால் வாங்கிக்கொள்ளும்படி தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு ரசிகன்