மொட்டை மாடியில் அருந்ததி

ஆசிரியருக்கு,

கோடை விடுமுறை என்றாலே ஊட்டி, கொடைக்கானல், இல்லாவிட்டால் ஏதாவது பயிற்சி வகுப்பு என்றுதான் யோசிக்கிறோம். என் பேத்திக்கு இருட்டென்றால் பயம். கரண்ட் போனால் என் புடவைத் தலைப்பை விடவே மாட்டாள். "இதுக்குப் போயா பயப்படுவே?" என்று யாரும் சொல்லக் கூடாது என வீட்டில் முதலில் பேசி வைத்தோம்.

ஏழு வயதில் அவளைக் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்கு அழைத்துப் போனேன். விளக்குகள் மங்கியபோது என் விரல்களை நெரித்தாள். தலைக்கு மேல் நட்சத்திரங்கள் வந்ததும் பிடி தளர்ந்தது.

அப்புறம் தினமும் மொட்டை மாடியில் பாய் விரித்தோம். மே மாத இரவில் வடக்கே சப்தரிஷி மண்டலம் நன்றாகத் தெரியும். அதன் வாலில் நடுவே இருப்பது வசிஷ்டர்; ஒட்டினாற்போல் மங்கலாக அருந்ததி. மூன்றாம் நாள் அவளே கண்டுபிடித்து, "பாட்டி, ரெண்டு இருக்கு!" என்று கத்தினாள். இப்போது டார்ச் இல்லாமல் முதலில் மாடி ஏறுகிறவள் அவள்தான்.

ஏப்ரல், மே மாதங்களில் உங்கள் சிறுவர் பகுதியில் வாரம் ஒரு வான்படம் வெளியிட வேண்டுகிறேன். கத்தரித்து மாடிக்கு எடுத்துப் போகிற அளவில் இருந்தால் போதும்.

ஒரு பாட்டி,
தாம்பரம்.