துண்டை மாத்த வேண்டாம்னு அட்டை வச்சா போதுமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

ரெண்டு வாரம் முன்னாடி உங்க பேப்பர்ல பசுமை ஹோட்டல், அதாவது சுற்றுச்சூழலைக் காக்கிறோம்னு சொல்ற ஹோட்டல் பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன், அப்போ இருந்து எழுதணும் எழுதணும்னு நெனச்சுட்டு இன்னைக்குத்தான் உட்கார்ந்தேன். நான் மொரீசியஸ்ல ரோஸ் ஹில்காரி. மேற்குக் கடற்கரையில ஒரு பெரிய ஹோட்டல்ல 19 வருஷமா ஹவுஸ்கீப்பிங் வேலை, ஒரு நாளைக்கு 14 ரூம். அதனால எங்க போய் தங்கினாலும் முதல்ல பாத்ரூமையும் துண்டையும்தான் என் கண்ணு தேடும்.

போன ஜூன்ல மகனைப் பாக்க நானும் வீட்டுக்காரரும் ஆஸ்திரியா போனோம். அவன் சால்ஸ்பர்க்ல கிச்சன் வேலைல இருக்கான். அம்மா வியன்னாவையும் பாத்துட்டுப் போகட்டும்னு அங்க 'ஸ்டாட்ஹாலே'ன்னு ஒரு சின்ன பூட்டிக் ஹோட்டல்ல 3 ராத்திரிக்கு ரூம் போட்டுக் குடுத்தான். ரயில்ல போய் வெஸ்ட்பான்ஹோஃப் ஸ்டேஷன்ல இறங்கி பெட்டியை உருட்டிட்டு நடந்தே போயிட்டோம். ரயில்லயோ சைக்கிள்லயோ வர்றவங்களுக்கு வாடகைல 10 சதவீதம் குறைக்கிறாங்க. நாங்க ராத்திரி முழுக்க ப்ளேன்ல வந்த புகைக்கு இது ஈடாகாதுதான், ஆனா எப்படி வந்தீங்கன்னு ஒரு ஹோட்டல் கேட்டதை என் சர்வீஸ்ல நான் பார்த்ததே இல்ல.

பழைய கட்டடம் ஒண்ணு, அதோட சேர்த்து 2009ல தொறந்த புதுசு ஒண்ணு, நடுவுல தோட்டம். புதுசு பாஸிவ் ஹவுஸ் முறைல கட்டினது. அதாவது சூடோ குளிரோ கடக்காம சுவர்ல கனமா வெப்பக் காப்பு குடுத்து, ஜன்னலுக்கு மூணு அடுக்கு கண்ணாடி போட்டு, வெளிய போற காத்தோட சூட்டைப் பிடிச்சு உள்ள வர்ற காத்துக்குக் குடுக்குறாங்க. சூடாக்குறதுக்கு ஒரு சதுர மீட்டருக்கு வருஷத்துக்கு 15 யூனிட்டுக்கு (கிலோவாட்-மணி) மேல ஆகக்கூடாதுங்கிறதுதான் இந்த முறைல கணக்கு. கூரைல சோலார், நிலத்தடித் தண்ணியோட சூட்டை எடுத்து கட்டடத்துக்குக் குடுக்குற ஹீட் பம்ப் மெஷின், தனக்கு வேணுங்கிற சக்தியை வருஷக் கணக்குல தானே தயார் பண்ணிக்கிற ஹோட்டல்னு சொல்றாங்க. கூரை மேல லாவண்டர் செடி, நாங்க போனப்போ பூ விட ஆரம்பிச்சிருந்துச்சு, வீட்டுக்காரர் அங்கேயே நின்னுட்டார். ரூம்ல மினிபார், அதான் பானம் வச்ச குட்டி ஃப்ரிட்ஜ், கிடையாது. குழாயைத் திறந்தா ஆல்ப்ஸ் மலை ஊத்துத் தண்ணி, 1873லயும் 1910லயும் போட்ட ரெண்டு பெரிய லைன், பெரும்பாலும் பம்ப் இல்லாம சரிவுலயே ஊருக்கு வந்து சேருது. நான் பாட்டில் வாங்கவே இல்ல.

இப்போ எங்க ஹோட்டலைச் சொல்றேன், பேர் வேண்டாம். பாத்ரூம்ல ஒரு அழகான பச்சை அட்டை, 'பூமியைக் காப்போம், துண்டை மறுபடி பயன்படுத்துங்கள்'. கெஸ்ட் துண்டை கம்பியில மாட்டிட்டுப் போறாங்க, நல்லவங்க. ஆனா நான் காலைல உள்ள போறப்போ பால்கனி கதவு விரியத் திறந்திருக்கும், ஏசி 18ல ஓடிட்டே இருக்கும். பாதி கூட கரையாத சோப்பை தினம் குப்பையில போடணும், அது ரூல். வெளிய புல்தரைக்கு ஸ்ப்ரிங்க்ளர் சுத்திட்டே இருக்கும், நான் வீட்டுக்கு வந்தா குழாய்ல தண்ணி நின்னிருக்கும், மாடி டேங்க்ல மிச்சம் இருக்கிறதை வச்சு சமைக்கணும். அந்த அட்டையால மிச்சமாகுறது லாண்டிரி செலவு மட்டும்தான் ஐயா. கெஸ்ட் மேல பொறுப்பைப் போட்டுட்டு கட்டடத்துல ஒண்ணுமே மாத்தாம இருக்கிறதை பசுமைன்னு சொல்லாதீங்க, இதைத்தான் நான் எழுத வந்தேன்.

மொரீசியஸுக்கு 2023ல மட்டும் கிட்டத்தட்ட 13 லட்சம் டூரிஸ்ட் வந்தாங்க, தீவுல இருக்கிற எங்க மொத்தப் பேரை விட அதிகம். கரண்டுக்கு கரும்புச் சக்கை கொஞ்சம் கை குடுக்குது, மீதிக்கு கப்பல்ல வர்ற நிலக்கரியும் எண்ணெயும்தான் நிறைய எரியுது. எங்க ஜனங்களுக்கு அக்கறை இல்லன்னு யாரும் சொல்ல முடியாது. 2020ல வகாஷியோங்கிற சரக்குக் கப்பல் எங்க தீவுப் பவளப்பாறைல மோதி சுமார் 1,000 டன் எண்ணெய் கடல்ல கலந்தப்போ கரும்புத் தோகையை துணியில அடைச்சு, தலைமுடியைக் கூட வெட்டிக் குடுத்து எண்ணெய் பரவாம தடுப்பு கட்டினது சாதாரண ஜனங்கதான், நானும் ரெண்டு நாள் லீவு போட்டுட்டு போய் உட்கார்ந்து தைச்சேன்.

பெரிய ஹோட்டலை என்னால மாத்த முடியாது. ஆனா நம்மாளுங்க நிறைய பேர் வீட்டு மேல ரெண்டு ரூம் எடுத்து டூரிஸ்டுக்கு வாடகைக்கு விடுறாங்க. 1960ல கேரோல் புயல் அடிச்சதுக்கு அப்புறம் எல்லாரும் காங்கிரீட்டுக்கு மாறினோம், அது உயிரைக் காப்பாத்துச்சு, சரி. ஆனா அந்த தளம் பகல் பூரா வெயிலைக் குடிச்சிட்டு ராத்திரி நம்ம தலைமேல இறக்குது, உடனே ஏசி வாங்குறோம். வியன்னால குளிருக்குப் பண்ணினதை நாம வெயிலுக்குப் பண்ணலாமே, தளத்து மேல காப்பு, ஜன்னலுக்கு வெளிப்பக்கம் நிழல், காத்து குறுக்கே போக வழி, கூரைத் தண்ணியைப் பிடிச்சு டாய்லெட்டுக்கு விடுறது, இதுல எதுக்குமே பெரிய பணக்காரனா இருக்க வேண்டியதில்ல.

என் கொழுந்தனார் கேம்ப் டியாப்ல் கிராமத்துல அப்படி ரெண்டு ரூம் கட்டப் போறார், அடுத்த மாசம் தளம் போடுறாங்க. மழைத்தண்ணிக்கு தனி பைப் போடுங்கன்னு சொன்னா மேஸ்திரி அதெல்லாம் நாறும், வேண்டாம்னு சொல்றாராம். உங்க வாசகர்கள்ல யாராவது, மொரீசியஸோ சென்னையோ, வீட்டுல மழைத்தண்ணியை டாய்லெட்டுக்கு விட்டு ஓட்டிட்டு இருந்தா ஃபில்டர் என்ன, டேங்க் எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருக்கா கழுவுறாங்கன்னு விவரமா எழுதச் சொல்லுங்க. தளம் போடுறதுக்கு முன்னாடி வந்தா ரொம்ப உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு ஹவுஸ்கீப்பிங் தொழிலாளி,
ரோஸ் ஹில், மொரீசியஸ்