வட்டம் சுற்றும் ரயில் எங்கே போகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை இணைப்பில் வீட்டிலேயே மாதிரி ரயில் அமைப்பது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை என் பேரன் சத்தமாகப் படித்துக் காட்டினான். பெரிய மேசை ஒன்று, அதன்மேல் நீள்வட்டமாகத் தண்டவாளம், ஒரு மூலையில் குகை, ரயில் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று அதில் எழுதியிருந்தது. படித்து முடித்தவன், "அம்மிச்சி, அந்த ரயில் எங்கே போகுது?" என்று கேட்டான். ஒன்பது வயதுப் பிள்ளை கேட்ட இந்தக் கேள்விக்குக் கட்டுரையில் பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பொதுப்பணித் துறையின் வரைபடப் பிரிவில் 31 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவள். மலையைச் சமவுயரக் கோடுகளாகப் பார்த்தே பழகிய கண். மூன்று ஆண்டுகளாக எங்கள் வீட்டுப் பின்கட்டில், 12 அடிக்கு 8 அடி சாமான் அறையில், ஒரு மலை ரயில் பாதை கட்டிவருகிறேன். அது பயணிகள் ரயில் இல்லை. காட்டிலிருந்து தேக்கு இறக்கிய ரயில்.

பொள்ளாச்சிக்காரர்களுக்குப் பரம்பிக்குளம் தெரியும். கேரளத்துக் காடுதான், ஆனாலும் சாலை வழியே போக வேண்டுமென்றால் ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப் தாண்டி நம் பக்கமாகத்தான் போகவேண்டும். ஏழு மீட்டர் சுற்றளவுள்ள கன்னிமரா தேக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அந்தக் காட்டிலிருந்து மேற்கே சாலக்குடி வரை ஏறக்குறைய 80 கிலோமீட்டருக்கு ஒரு ரயில் பாதை ஓடியது என்று சொன்னால் என் வயதுக்காரர்களே நம்புவதில்லை. கொச்சி சமஸ்தானம் போட்ட வன டிராம்வே அது. மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர். 1907-இல் முறையாகத் திறந்தார்கள், 1963-இல் மூடிவிட்டார்கள். ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன் கோப்பல் நிறுவனத்து நீராவி என்ஜின்கள் ஓடின. என்ஜின் ஏற முடியாத செங்குத்துச் சரிவுகளில் என்ஜினே இல்லாமல் மரத்தை இறக்கினார்கள். அது எப்படி என்பதில்தான் என் மாதிரியின் உயிரே இருக்கிறது.

சரிவின் உச்சியில் ஒரு பெரிய உருளை, அதில் இரும்பு வடம். வடத்தின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி, மறுமுனையில் கீழே நிற்கும் காலி வண்டி. பாரவண்டி தன் எடையால் இறங்கும்போது காலி வண்டியை மேலே இழுத்துவிடும். உருளையில் பிரேக் பிடிக்க ஆள் இருந்தால் போதும். கிணற்று ராட்டினத்தில் இரண்டு வாளி கட்டி இறைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சின்ன அறையில் மலை கட்டுகிறவருக்கு இந்தச் சரிவு பெரிய வரம். கணக்கைப் பாருங்கள். 1-க்கு 25 ஏற்றத்தில் என்ஜின் 15 செ.மீ. உயரம் ஏற 3.75 மீட்டர் தண்டவாளம் வேண்டும். என் அறையின் நீளச் சுவரே 3.6 மீட்டர்தான். அதே 15 செ.மீ. உயரத்தை 1-க்கு 3 சரிவு 45 செ.மீ. இடத்தில் முடித்துவிடுகிறது. மாதிரி மலைப் பாதை போடும் பலர் உயரத்துக்காகப் பாதையைச் சுற்றிச் சுற்றி வளைத்து, கடைசியில் மலையே தெரியாமல் தண்டவாளம் மட்டும் தெரியும்படி செய்துவிடுகிறார்கள். நானும் முதல் வரைபடத்தில் அதைத்தான் செய்தேன். டிரேசிங் தாளில் ஏழு நிலையங்கள் போட்டேன். என் அளவு 1-க்கு 87, நிஜத்தில் 87 மீட்டர் இருப்பது என் மாதிரியில் ஒரு மீட்டர். அந்தக் கணக்கில் 80 கிலோமீட்டர் பாதை 919 மீட்டர் ஆகிறது. ஒரு மாதம் கழித்து அந்தத் தாளைச் சுருட்டி வைத்துவிட்டு மூன்றே மூன்று இடங்களை எடுத்துக்கொண்டேன்: மேலே காட்டில் மரம் ஏற்றும் களம், நடுவில் சரிவு, கீழே சாலக்குடி மரக்கிடங்கு. இடையில் உள்ள ஆனப்பந்தமும் குரியார்குட்டியும் போயின. மனசு கேட்கவில்லை, குரியார்குட்டி ஆற்றுப் பாலத்தை மட்டும் களத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக்கொண்டேன்.

மேசையும் போடவில்லை. இரண்டு சுவரை ஒட்டி 'ட' மாதிரி இரண்டு அடி அகலப் பலகை. கை எட்டாத இடத்தில் தண்டவாளம் போடக்கூடாது என்பது முதல் விதி. வண்டி கவிழ்வது எப்போதும் அங்கேதான். 12 மி.மீ. பிளைவுட்டின் இரண்டு முகத்துக்கும் பெயின்ட் அடித்தேன். ஐப்பசி மழைக்கு ஊறி, சித்திரை வெயிலுக்குச் சுருங்கி, முதல் வருடம் போட்ட பாதை முழுவதும் நெளிந்துவிட்டது. இப்போது தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விட்டிருக்கிறேன்.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதும் வடிவமைப்புத்தான். நான் 1920-களை எடுத்துக்கொண்டேன். அப்போது சாலக்குடி வழியாகப் போன ஷொரணூர் - எர்ணாகுளம் பாதையும் மீட்டர் கேஜ்தான். 1934-இல்தான் அகலப் பாதை ஆனது. அதனால் கீழே கிடங்கிலும் மேலே காட்டிலும் 12 மி.மீ. இடைவெளியுள்ள ஒரே வகைத் தண்டவாளம் போதும். செலவு பாதியாகிவிட்டது.

பருவத்தையும் யோசித்தேன். கடையில் விற்கும் பச்சைப் பஞ்சு மரங்களை வாங்கி நட்டால் அது ஏதோ குளிர்நாட்டு மலை ஆகிவிடும். தேக்கு கோடையில் இலை உதிர்க்கும். மாசி, பங்குனியில் டாப்சிலிப் போனவர்களுக்குத் தெரியும், காலடியில் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சருகு. ஆகவே என் காடு மொட்டைக் காடு. காய்ந்த துளசிக் கதிர்கள்தான் மரம். வெயிலில் நாலு நாள் காயவைத்த டீத்தூள் சக்கைதான் தரை. சரியாகக் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். மலையின் உடம்பு பழைய செய்தித்தாளும் மைதாப் பசையும், உங்கள் நாளிதழ் உட்பட. தேக்குக் கட்டைகளுக்குத் துவரை மிளார். அரை மீட்டர் தடிமன் உள்ள மரம் 1-க்கு 87 அளவில் ஆறு மி.மீ. கூட வராது, துவரை மிளார் அந்தத் தடிமனில் கச்சிதமாகக் கிடைக்கிறது.

சரிவை ஓட வைக்க எட்டு மாதம் பிடித்தது. வடத்துக்குத் தூண்டில் நரம்பு, உருளைக்கு நூற்கண்டுக் கட்டை. முதலில் 22 கிராம் காலி வண்டிக்கு எதிராக 30 கிராம் பாரவண்டியை விட்டேன், அசையவே இல்லை. உராய்வு அந்த எட்டு கிராமைத் தின்றுவிடுகிறது. வண்டியின் அடியில் ஈயம் ஒட்டினால் இறங்கும். ஆனால் கீழே மரத்தை இறக்கிய பிறகும் அந்த எடை வண்டியிலேயே இருக்கும், திரும்பி மேலே வராது. கடைசியில் மிளார்க் கட்டின் நடுவில் ஈயக் குண்டுகளை ஒளித்து வைத்துக் கட்டினேன். பாரம் ஏற்றினால் 40 கிராம், இறக்கினால் 22. பிரேக்குக்கு உருளையில் உரசும் ஒரு துண்டு கம்பளித் துணி. முதன்முதலாகப் பாரவண்டி மெதுவாக இறங்கி, காலி வண்டி தானாக மேலே வந்து நின்றபோது பேரன் கைதட்டவில்லை. "இன்னொரு தடவை விடு" என்றான். அன்று இரவு ஒன்பதரை வரைக்கும் விட்டோம்.

இப்போது அவனிடம் "ரயில் எங்கே போகுது" என்று யாராவது கேட்டால் பதில் சொல்வான். காட்டுக் களத்தில் யானை கட்டையைத் தள்ளி வண்டியில் ஏற்றுகிறது. அந்த யானை 31 மி.மீ. உயரம், களிமண்ணில் நானே பிடித்தது. மேல் என்ஜின் அந்த வண்டியைச் சரிவின் உச்சிக்குக் கொண்டுபோகும். வடம் மாட்டி இறக்கினால் கீழ் என்ஜின் வாங்கிக்கொண்டு கிடங்குக்குப் போகும். அங்கே கட்டையை இறக்கி, காலி வண்டியைத் திரும்ப அனுப்ப வேண்டும். ஐந்து வண்டி மரம் இறக்க எங்களுக்கு நாற்பது நிமிடம் ஆகிறது. வட்டத்தில் ஓடும் ரயிலைப் பிள்ளைகள் ஐந்து நிமிடத்துக்கு மேல் பார்ப்பதில்லை.

மர ரயில் என்றாலே வெளிநாட்டு இதழ்களில் அமெரிக்காவின் ஷே என்ஜின்தான். பல்சக்கரத்தால் ஓடும் அழகான இயந்திரம், கரடுமுரடான தண்டவாளத்திலும் ஏறும். மேற்கு வர்ஜீனியாவில் காஸ் என்ற மரம் அறுக்கும் ஊரில், 9 அடிக்கு 1 அடி ஏறுகிற இடங்களைக்கூட அது ஏறுகிறது. 1960-இல் அங்கே மர வேலை நின்றது. அந்த மாநில அரசு பாதையையும் என்ஜின்களையும் வாங்கி, 1963-இல் சுற்றுலா ரயிலாக ஓட்டத் தொடங்கியது. இன்றும் ஓடுகிறது. அதே 1963-இல்தான் நம் பக்கத்துப் பாதையின் கதை முடிந்தது. இந்த இரண்டு தேதிகளையும் முதன்முதலாகச் சேர்த்துப் பார்த்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. ஷே மாதிரி காசு கொடுத்தால் கிடைக்கிறது, ஆனால் தேக்குக் காட்டில் அதை ஓடவிட்டால் பொய். அக்கா மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த, 12 மி.மீ. பாதையில் ஓடும் என்ஜின் அடிச்சட்டங்கள் இரண்டின் மேல் பித்தளைத் தகட்டில் நானே என்ஜின் கூடு கட்டினேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தப் பாதை காட்டை வாழவைக்கப் போட்டது இல்லை, வெட்டி எடுத்துப்போகப் போட்டது. ஆகையால் என் மலையில் நிற்கும் மரங்களைவிட அடிக்கட்டைகள் அதிகம். 212 அடிக்கட்டைகளை மிளாரிலிருந்து அறுத்து ஒட்டியிருக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் "மரம் இன்னும் நட வேண்டும் போல" என்கிறார்கள். நட மாட்டேன். அந்தக் காட்டில் உழைத்த மலசர், காடர் மக்களும் வெறும் அலங்கார பொம்மைகளாக ஓரத்தில் நிற்கக்கூடாது. கட்டை தள்ளும் யானைக்குப் பக்கத்தில், வடம் மாட்டும் இடத்தில், வேலையின் நடுவில் நிற்கிறார்கள்.

ஆசிரியர் ஐயாவுக்கு இரண்டு வேண்டுகோள். மாதிரி ரயில் பற்றி அடுத்த முறை எழுதும்போது, முதலில் அந்த ரயிலுக்கு ஒரு வேலை கொடுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கரும்பு ரயிலாகட்டும், உப்பு ரயிலாகட்டும், எதுவானாலும் சரி. என் வரைபடம் மூன்று தாள், கேட்கும் பள்ளிக்கு என் செலவில் நகல் எடுத்து அனுப்புகிறேன்.

இரண்டாவது, பொள்ளாச்சி, ஆனைமலை, பாலக்காடு, சாலக்குடிப் பக்கத்துக் குடும்பங்களில் யாருடைய தாத்தாவாவது அந்த டிராம்வேயில் வேலை பார்த்திருந்தால், ஒரு புகைப்படமாவது பெட்டியின் அடியில் கிடக்கும். அதைப் பார்க்க ஆசைப்படுகிறேன். உங்கள் அலுவலகத்துக்கு எழுதினால் எனக்குச் சேர்ப்பித்துவிடுங்கள். சரிவின் உச்சியில் பிரேக் பிடித்து நிற்கும் மனிதரின் உருவத்தைச் செய்து வைத்திருக்கிறேன், இருபது மி.மீ. உயரம். மற்ற எல்லாருக்கும் வண்ணம் பூசியாயிற்று. அவரை மட்டும் வெள்ளையாகவே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரைவாளர் ஒருவர்,
பொள்ளாச்சி.