கழற்றும் முன் ஒரு சீட்டு எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

உசிலம்பட்டியில் இருந்து எழுதுகிறேன். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றவன். கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாது. ஆனால் கரண்டு எதுவரை வருகிறது, எங்கே நிற்கிறது என்று தேடுவதுதான் 31 வருடம் நான் பார்த்த வேலை.

எங்கள் வீட்டில் இருப்பது அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் மூத்த மகளுக்கு 2014-ல் கிடைத்தது. அவள் கல்யாணமாகிப் போனபின் தம்பிக்காரன் எடுத்துக்கொண்டான். வேகம் பற்றவில்லை என்று என்னிடம் 900 ரூபாய் வாங்கி, இன்னொரு 2 ஜிபி ராம் (உள்ளே செருகும் நினைவகப் பட்டை) வாங்கி அவனே மாட்டினான். போன மாதம் ஒருநாள் பட்டனை அமுக்கினால் விளக்கு எரிகிறது, காற்றாடி சுற்றுகிறது, திரை மட்டும் கருப்பு.

சார்ஜரின் முதுகில் 19 வோல்ட் என்று போட்டிருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தேன், 19.3 வந்தது. சப்ளையில் குறையில்லை.

மதுரைக்குப் பஸ் ஏறி, ஆரப்பாளையத்தில் இறங்கி, விசாரித்து ஒரு கடையில் கொடுத்தேன். அங்கிருந்தவர் என் போன் நம்பரை ஒரு துண்டுத்தாளில் எழுதி, லேப்டாப்போடு ரப்பர் பேண்டு போட்டு வைத்துக்கொண்டார். என் கைக்கு ஒன்றும் வரவில்லை. ஐந்தாம் நாள் போன்: "ஐயா, மதர்போர்டு போயிருச்சு. 6,500 ஆகும். அதுக்குப் பழசை இங்கேயே விட்டுட்டு வேற ஒண்ணு எடுத்துக்கங்க, நம்மகிட்டயே இருக்கு." மதர்போர்டு என்றால் எல்லாப் பாகமும் உட்காரும் தாய்ப்பலகையாம். மகளின் கல்யாணப் படங்கள் எல்லாம் அந்த லேப்டாப்புக்குள்தான் இருக்கின்றன. வேண்டாம் என்று வாங்கி வந்தேன். பார்த்ததற்குக் கூலி 300. அதற்கும் ரசீது கிடையாது.

பக்கத்துத் தெருவில் பாலிடெக்னிக் படிக்கும் பையன் ஒருவன், "நான் ஒருதரம் பாக்கறேன் மாமா" என்று உட்கார்ந்தான். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அமுக்கிப் பிடித்தான். உள்ளே தங்கிய கரண்டு வடிய வேண்டுமாம். (லைனை நிறுத்திய பிறகும் எர்த் ராடு போட்டு மிச்சக் கரண்டை மண்ணில் இறக்காமல் நாங்கள் கம்பியைத் தொட மாட்டோம், அந்த மாதிரி என்று புரிந்துகொண்டேன்.) எழவில்லை. அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்தான். மங்கலாகப் படம் தெரிந்தால் திரையின் பின்விளக்கு மட்டும் போயிருக்கிறது என்று அர்த்தமாம். அதுவும் இல்லை. வீட்டு டி.வி.யில் கேபிள் போட்டுப் பார்த்தான், அங்கேயும் இருட்டு. கேப்ஸ் லாக் விசையைத் தட்டினால் அதன் விளக்குகூட மாறவில்லை. "திரை மேல பழி இல்ல மாமா, மெஷினே முழிக்கல" என்றான்.

அடிமூடியைத் திறந்ததும் கேட்டான்: "ராம் ஒண்ணுதானா?" இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று காலி. மகன் மாட்டியதுதான் இல்லை. இருந்த ஒன்றைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் பதமாகத் தேய்த்து, பிரஷ்ஷால் தூசு தட்டி, "டக்" என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டினான். பட்டனை அமுக்கினான். திரை வந்துவிட்டது! ரப்பர் விலை ஐந்து ரூபாய்.

கடைக்குப் போன் போட்டேன். "நீங்க குடுக்கும்போதே ஒண்ணுதான் இருந்துச்சு" என்றார். திருடினார் என்று நான் சொல்லவில்லை. சோதிக்கக் கழற்றியதை மேஜையிலேயே விட்டிருக்கலாம். ஆனால் இரண்டு இருந்ததற்கு என்னிடமும் எழுத்து இல்லை, ஒன்றுதான் இருந்தது என்பதற்கு அவரிடமும் எழுத்து இல்லை.

அடகுக் கடையில் ஒரு மூக்குத்தியை வைத்தாலும் எடை என்ன, கல் எத்தனை என்று சீட்டில் எழுதித்தான் வாங்குகிறார்கள். பழுதான மீட்டரைக் கழற்றினால் அதன் எண்ணையும் ரீடிங்கையும் குறிக்காமல் நாங்கள் படி இறங்கியதில்லை. லேப்டாப் வாங்கும் கடைக்காரரும் ராம் எத்தனை, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு, சார்ஜர் கூட வந்ததா, என்ன கோளாறு என்று கார்பன் வைத்து நாலு வரி எழுதித் தரலாமே. பாகம் மாற்றினால் பழையதைக் கையில் கொடுக்கலாமே. நாளைக்கு என்னைப் போல ஒருவன் இல்லாத ராமைக் கேட்டு வந்து நின்றால் அவருக்கும் அந்தச் சீட்டுதான் துணை.

பில் தராததே முறையற்ற வணிகம் என்று 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது, 1915-க்குப் போன் செய்தால் புகாரை வாங்கிக்கொள்வார்கள் என்று மகன் சொல்கிறான். 900 ரூபாய் ராமுக்காக நான் அலையப் போவதில்லை. மதுரையில் லேப்டாப் பழுது பார்க்கும் கடைக்காரர்கள் இதைப் படித்து, ஒரு சீட்டுப் புத்தகம் அச்சடித்தால் போதும்.

மகன் இப்போது மிச்சமிருக்கும் 2 ஜிபியில்தான் ஓட்டுகிறான். அவன் பட்டனை அமுக்கும்போது கிளம்பினால், முக்குக் கடையில் டீ குடித்துவிட்டு நான் திரும்பி வரும் நேரத்துக்குத் திரை வருகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லைன்மேன்,
உசிலம்பட்டி, மதுரை மாவட்டம்.